கூட அனுப்பிய மாடு

வைகாசி 11, ஞாயிறு

அவர் போய் ஒன்பதாம் நாள். காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பசு செவலைக்குத் தவிடு தீர்ந்துவிட்டது. யாரிடம் சொல்ல.

துக்கம் கேட்க வந்தவர்கள் அவரைப் பற்றி ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. எல்லாம் களிமண் குழிப் பேச்சு. நான் கூலிக்குப் போகும் பொம்மைக் கம்பெனிக்கு மண் எடுக்கும் குழியில் பொக்லைன் ஒரு பெரிய தாழியை உடைத்துவிட்டதாம். உள்ளே ஆள் எலும்பு. அதை ஒட்டி முழு மாட்டு எலும்பு. மெட்ராஸிலிருந்து படித்தவர்கள் வந்து, குழியைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள். மண் வராததால் கம்பெனி மூடல். திறந்திருந்தால் மட்டும் என்ன, பதினாறு முடியாமல் நான் படி தாண்ட முடியாது.

13, செவ்வாய்

புழுக்கம். கொழுந்தனார் குழியைப் பார்த்துவிட்டு வந்தார். கோயிலுக்குப் போய்வந்த முகம். கருமாதிப் பேச்சு நடக்கிறது, கூடம் நிறைய பங்காளிகள்.

"அந்தக் காலத்துலயே மாட்ட கூட அனுப்பி வச்சிருக்காங்க. நாம என்னாடான்னா அண்ணனுக்கு இரவல் மாட்டு வால தொட்டுட்டு வுடறதா? செவலையவே தானம் குடுத்துடுவோம் அண்ணி."

செத்தவர் பசுவின் வாலைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடப்பாராம், அதற்குத்தான் கோதானம். இங்கே வழக்கம், புரோகிதரே ஒரு மாட்டை ஓட்டி வருவார். வாலைத் தொட்டு, தட்சணை கொடுத்தால் திருப்பி ஓட்டிப் போய்விடுவார். அந்த ஒரே மாடு இந்தச் சுற்றுவட்டாரத்தையே கரையேற்றியிருக்கிறது. அவரை மட்டும் ஏற்றாதா?

செவலை என் பொம்மைக் கூலியில் கன்றாக வாங்கியது. அவர் ஒரு நாள் சாணி அள்ளியதில்லை. சொசைட்டிக்கு ஊற்றும் பாலில்தான் அடுப்பு எரிகிறது. இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். ஐந்து மாதச் சினை என்று மட்டும் சொன்னேன்.

"சினை மாடுன்னா இன்னும் புண்ணியம்" என்றார் பெரிய பங்காளி.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். தலையை ஆட்டிவிட்டேன்.

15, வியாழன்

தூக்கமில்லை. கொழுந்தனார் கொட்டகையில் மூன்று மாடு நிற்கிறது. அண்ணன் மேல் அவ்வளவு பாசம் என்றால் அதில் ஒன்றை அனுப்பட்டுமே. கேட்கவில்லை. கேட்டால், புருஷன் போன ஈரம் காயவில்லை, மாட்டுக்கு அழுகிறாள் என்பார்கள்.

மாட்டுக்குத்தான் அழுகிறேன்.

18, ஞாயிறு

கருமாதி முடிந்தது. சாம்பார் நன்றாக இருந்ததாம், வடைதான் பத்தவில்லையாம்.

செவலைக்கு மஞ்சள், குங்குமம், கழுத்தில் பூ. என்னிடமிருந்து எடுத்ததையெல்லாம் அதற்கு வைத்தார்கள். புரோகிதர் கயிற்றை வாங்கத் தயங்கினார். ஓரமாக வந்து என்னிடம் சொன்னார்: "டவுன்ல மாடி வூட்ல வாடகைக்கு இருக்கேம்மா. கட்ட எடமில்ல. தரகர்கிட்டதான் குடுத்தாகணும்." கொழுந்தனார் கேட்டுக்கொண்டேதான் நின்றார். நானும்தான்.

சாயங்காலம் குட்டியானை வண்டி வந்தது. நாலு பேர் தள்ளியும் ஏறவில்லை. நான் போய் முதுகில் கை வைத்து "ஏறு" என்றேன். ஏறிவிட்டது.

கொட்டகையில் மிச்சம்: தண்ணீர்த் தொட்டி, மூக்கணாங்கயிறு (பழசு), அரைக்கட்டு வைக்கோல்.

20, செவ்வாய்

மேகமூட்டம். முதல் தடவையாக வெளியே போனேன், குழிக்கு. ஒரு பெண் சின்ன பிரஷ்ஷால் எலும்பைத் துடைத்துக்கொண்டிருந்தது. காளையா என்று கேட்டேன். பசுவாம். கிழட்டு மாடாக இருக்கும், சாகப் போவதைத்தானே அனுப்பியிருப்பார்கள் என்றேன்.

"இல்லக்கா, நல்ல வயசு. வயித்துல கன்னு இருந்திருக்கு. இங்க பாருங்க, சின்னச் சின்னதா."

பார்த்தேன். கோழி எலும்பு அளவுதான்.

அந்த ஆளுடைய பெண்சாதி எங்கே என்று கேட்டேன். தோண்டிய வரைக்கும் கிடைக்கவில்லையாம். "அவங்க அதுக்கப்புறமும் உயிரோட இருந்திருப்பாங்கக்கா" என்றது.

இருந்திருப்பாள். எதைக் கறந்து?

21, புதன்

ஐந்து மணிக்கு விழிப்பு. தூறல். பால் குண்டானைக் கழுவி எடுத்துக்கொண்டு கொட்டகை வரை போய்விட்டேன்.