மொட்டைக் கழுத்தனும் செவலையும்

அக்கா,

இன்று காலை அடைக்கோழியைத் தூக்கிவிட்டு முட்டைகளைத் தொட்டுப் பார்த்தேன். சாம்பலும் இறகும் கலந்த அந்தச் சூட்டு வாடை முகத்தில் அடித்தது. கோழி கையில் ஒரு கொத்து கொத்தியது. சிரிப்பு வந்துவிட்டது. நீ கண்ணை மூடிய இந்த நாலு மாதத்தில் நான் சிரித்தது இன்றைக்குத்தான்.

நான் உன் கொழுந்தனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த வருஷம், கோடையில் வெள்ளைக்கழிச்சல் வந்து நம் கோழிகள் எல்லாம் செத்தன. மிஞ்சியது நாலு பெட்டையும் இரண்டு சேவலும். ஒன்று உன் அம்மா கொடுத்துவிட்ட செவலை. வால் வளைந்து தரையைத் தொடும். இன்னொன்று நான் குஞ்சிலிருந்து வளர்த்த மொட்டைக் கழுத்தன். கழுத்தில் பேருக்கு ஒரு இறகு கிடையாது. இரண்டும் பார்த்த இடத்தில் மோதி ரத்தம் சிந்தின. ஒன்றுதான் இருக்க முடியும் என்று ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உன் தம்பி உப்பூரிலிருந்து வருகிறான், மொட்டைக் கழுத்தனைக் குழம்பு வைத்துவிடலாம் என்று நீ முடிவு செய்தாய்.

"வீட்டுச் சேவல்னா நாலு பேரு நின்னு பாக்கணும்டி. இது உரிச்ச கோழி எந்திருச்சு நடந்து வாரது மாதிரில்ல இருக்கு."

"வேணாம்க்கா. ஒரு அடை வச்சுப் பாப்போம். குஞ்சு கழுத்தப் பாத்தா அப்பன் யாருன்னு தெரிஞ்சிரும். எதுக்குக் குஞ்சு கூடவோ அது இருக்கட்டும்."

வந்து ஏழு மாதத்தில் நான் உன்னை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. என்னை மேலும் கீழும் பார்த்தாய்.

"சரி. பொரிக்கிறது பூராம் என் செவலை பிள்ளையாத்தான் இருக்கும், பாரு."

அந்த ஞாயிறு உன் தம்பிக்குக் கருவாடுதான் கிடைத்தது.

ஒரு நாள் உன் சேவல் வெளியே, ஒரு நாள் என் சேவல். மற்றதைப் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மூடி, மேலே கல் வைப்போம். என் முறை வந்த ஒரு நாள் மிளகாய்க் கொல்லையிலிருந்து திரும்பினால், செவலை பெட்டைகளுக்கு நடுவில் நிற்கிறது.

"என்னக்கா இது?"

"காத்துக்குப் பஞ்சாரம் சாஞ்சிருச்சுடி."

"கல்லையும் காத்துதான் எறக்கி ஓரமா வச்சுச்சா?"

நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாய்.

பதினொரு முட்டை வைத்தோம். இடி இடித்தால் முட்டைக்கு ஆகாது என்று கூடையில் நீதான் இரும்புத் துண்டும் காய்ந்த மிளகாயும் போட்டாய். இருபத்தோராம் நாள் ஒன்பது குஞ்சு பொரித்தது. ஈரம் காயக் காயக் கழுத்துகள் தெரிந்தன. நீ ஒருமுறை எண்ணினாய். மறுபடி எண்ணினாய். ஏழு குஞ்சுக்குக் கழுத்து மொட்டை.

எனக்குப் பயம் வந்துவிட்டது. உன் அம்மா வீட்டுச் சேவல் அல்லவா. நீ அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாய். "இம்புட்டு மினுக்கு மினுக்கிக்கிட்டு, சோலியப் பாக்கலையேடி அந்தப் பய."

செவலையை உன் தம்பி திரும்ப உப்பூருக்கே கொண்டுபோனான். நீ ஒரு மொட்டைக் கழுத்துக் குஞ்சை மடியில் வைத்துக்கொண்டு தெரு முழுக்கப் போனாய். "சேவலக் கண்ணால பாக்காதீக, குஞ்சப் பாத்து வைங்க. நான் தோத்துட்டேன். எங்க வீட்டுச் சின்னவ சொன்னதுதான் சரி." அதற்குப் பிறகுதான் அந்தத் தெருவில் என்னிடமும் வந்து யோசனை கேட்டார்கள்.

தான் தோற்றதைத் தானே போய்ச் சொல்லும் ஆளை அதற்கு முன் நான் கண்டதில்லை.

நேற்று மீன் குழம்புக்குப் புளி போதும் என்றாள் என் மருமகள். போதாது என்று சண்டை பிடித்தேன். சாப்பிட்டுப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய், மருமகளிடம் தோற்றதை நானே சொல்லிவிட்டு வந்தேன்.