மூக்கில் வேர்க்கும் வேளை

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைத் திறக்கிறேன். உடம்புக்குக் குறைவில்லை என்றுதான் எழுதியிருக்கிறேன், மனசைப் பற்றி எழுதவில்லை, கவனித்துக்கொள். உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. இந்த மாதக் கடைசியில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே எழுதிப் பிழைக்கப் போகிறாய், ராஜினாமாக் கடிதம் பையிலேயே இருக்கிறது, என் பதில் வந்ததும் கொடுத்துவிடுவாய். எல்லாம் சரி. அதற்குக் கீழே ஒரு வரி எழுதியிருக்கிறாய் பார், வேலையைத் தேடி அலைய வேண்டாம், உள்ளுணர்வையும் நேரத்தையும் நம்பினால் அது தானாக வந்து சேரும், அதற்கு நீதானேம்மா சாட்சி, அந்த ரகசியத்தை எனக்கும் சொல்லிக்கொடு என்று. அதைப் படித்ததும் எனக்கு அருவருப்பாக இருந்தது. உன் மேல் இல்லை. நீ பார்க்கிற அந்த வீடியோக்காரர் மேல் கொஞ்சம், பிரபஞ்சம் கொடுக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறாரே, அவருக்குப் பிரபஞ்சம் கொடுத்தது உன்னைப் போன்ற ஏமாளிகளைத்தான். மிச்சம் முழுக்க என் மேல்தான்.

ரகசியம் கேட்டாய், சொல்கிறேன். வக்கீல் ஆபீஸை மூடி என் டைப்பிஸ்ட் வேலை போனபிறகு, பேப்பருக்கு இரங்கல் அறிவிப்பும் நினைவு மலருக்கு வாழ்க்கைக் குறிப்பும் எழுதிக்கொடுக்க ஆரம்பித்தேன், அது உனக்குத் தெரியும். ஒரு விளம்பரம் கொடுத்ததில்லை, ஒருவரிடம் போய் நின்றதில்லை, ஆனாலும் வேலை ஓயாமல் வந்தது, அதுவும் தெரியும். எப்படி வந்தது என்பதுதான் தெரியாது. ஒருவரை டாக்டர் உப்பைக் குறை, சிகரெட்டை விடு என்று திட்டிக்கொண்டிருக்கும்வரை பயமில்லை, பிடித்ததைச் சாப்பிடட்டும் என்று சொல்லிவிட்டால் ஆள் இனித் தேறமாட்டார் என்று எனக்கு உள்ளே மணி அடித்துவிடும். தூரதேசத்து மகள் திரும்பிப் போகும் தேதி போடாமல் டிக்கெட் எடுத்து வந்தாலும் அடிக்கும், மருந்துக்கடைக்காரர் பத்து மாத்திரை அட்டையில் இப்போதைக்கு ஐந்து போதும் என்று வெட்டிக் கொடுத்தாலும் அடிக்கும். அன்றைக்கே உட்கார்ந்து இரங்கலை எழுதி, சுத்தப் பிரதி எடுத்துக் கைப்பையில் வைத்துவிடுவேன். அப்புறம் சாவு வீட்டுக்குப் போகிற நேரம். முதல் ஒரு மணி நேரத்தில் போகக்கூடாது, அது அழுகிற நேரம். மறுநாள் போனால் யாராவது கிறுக்கி அனுப்பியிருப்பார்கள். நடுவில் ஒரு வேளை இருக்கிறது, அழுது ஓய்ந்து, பேப்பருக்கு யாருப்பா எழுதறது என்று ஒருவர் கேட்பார், சரியாக அப்போது நான் டீ பிளாஸ்க்கோடு வாசலில் நிற்பேன். கடவுளாப் பாத்து உங்களை அனுப்பியிருக்கார் என்பார்கள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து, கைப்பையில் இருப்பதையே மனப்பாடமாக மறுபடி எழுதுவேன், யோசிக்கிற மாதிரி பேனாவைக் கடித்துக்கொண்டு, ஒரு சொல்லை வேண்டுமென்றே எழுதி அடித்து, நடுவில் கண்ணை ஒருதரம் துடைத்துக்கொண்டு. அந்த ஒரு சொல்லை அடித்தேன் பார், அதை நினைத்தால்தான் இப்போது தாங்கவில்லை, சீ. உன் அப்பா நான் படியிறங்கும்போதெல்லாம் கழுகுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது என்று கேலி செய்வார், நானும் பாராட்டுப் பத்திரம் வாங்கினவள் மாதிரி சிரித்துக்கொண்டே போவேன்.

போன சனிக்கிழமை உன் சித்தப்பா பஸ் டிப்போவிலிருந்து ஓய்வு பெற்றார். உன் சித்தி ஒரு வாரம் முன்னாலேயே வந்து, அக்கா நாலு வார்த்தை நல்லா எழுதிக் கொடுங்க, நானே மேடையில படிக்கிறேன் என்று கேட்டுவிட்டுப் போனாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாரே, மூன்றாம் நாள் டாக்டர் வெளியே வந்து இனிமே அவருக்குப் பிடிச்சதைச் சாப்பிடட்டும் என்றார். தேறிவிட்டதால் சொல்கிறார் என்று வராந்தாவில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது, இந்த மகாமேதைக்குத்தான் புரியவில்லை. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அவருக்கு இரங்கல் எழுதி முடித்தேன். என்னக்கா எழுதறீங்க என்று உன் சித்தி கேட்டாள், மளிகை லிஸ்ட் என்றேன். மறுநாள் அவர் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார், நான் எழுதினது மேஜை டிராயருக்குள் போனது. இப்போது ஓய்வு விழாவுக்கு அதைத்தான் வெளியே எடுத்தேன். முழு வாழ்க்கையும் தயாராக இருக்கும்போது புதிதாக எதற்கு மண்டையை உடைத்துக்கொள்வது என்று, இருந்தார் என்றதை எல்லாம் இருக்கிறார் என்று மாற்றிக்கொண்டே வந்தேன். அவர் விட்டுச் சென்ற இடத்தை நிரப்ப ஆளில்லை என்ற வரியில் கை வைக்கவே வேண்டியிருக்கவில்லை, சாவுக்கும் ஓய்வுக்கும் ஒன்றுபோலப் பொருந்தியது, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

டிப்போ சாப்பாட்டுக் கூடத்தில் மேஜைகளை ஓரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க உன் சித்தி மைக்கைப் பிடித்துப் படித்தாள், டிரைவர்கள் வரிக்கு வரி கைதட்டினார்கள். இரண்டாம் பக்கம் திருப்பினாள். கடைசி மூச்சுவரை மனைவியின் கையை விடாமல் பற்றியிருந்தார் என்று படித்தாள். படிக்கிற வேகத்தில் முற்றுப்புள்ளிவரை போய்விட்டாள் பாவம், அப்புறம்தான் நிறுத்தினாள். பின்வரிசையில் ஒருவர் பழக்கதோஷத்தில் கைதட்டினார். அந்த நிமிஷம் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, இந்த ஒரு வரி எப்படிக் கண்ணுக்குத் தப்பியது என்று. அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதுதான் தோன்றியது. அவள் தாளை நாலாக மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள், மளிகை லிஸ்ட் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும், இன்றுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலையில் சித்தப்பா மட்டும் வந்தார். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனிதர், உனக்கே தெரியும், அன்று சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பயத்துல எழுதியிருப்பீங்க அண்ணி, அது எனக்குப் புரியுது, ஆனா நான் பிழைச்சு வந்த அன்னிக்கே அதைக் கிழிச்சுப் போட உங்களுக்கு மனசு வரலையா என்று கேட்டார். பதில் என்னிடம் இருந்தது, டீ ஆறுகிறது என்றேன். மறந்துவிட்டேன் என்றால் பொய். இந்த இரண்டு வருஷத்தில் இரண்டு முறை டிராயரைச் சுத்தம் செய்தேன், இரண்டு முறையும் எடுத்துப் படித்தேன், நன்றாக வந்திருக்கிறதே என்று திரும்ப உள்ளேயே வைத்தேன். கூடப் பிறந்த தம்பி மாதிரிப் பழகின மனிதர் பிழைத்து நடமாடுகிறார், எனக்கோ ஒரு பக்கம் வீணாகிறதே என்று இருந்திருக்கிறது. டீயைத் தொடாமல் எழுந்து போனார். உன் அப்பா அடுத்த அறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், இந்தத் தடவை கேலி செய்யவில்லை.

மற்றபடி இங்கே புதிதாக ஒன்றுமில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடிப்படியில்தான் முனகுகிறார். குளியலறைச் சுவரில் மறுபடி ஈரம் ஊறுகிறது, கொத்தனார் நாளைக்கு நாளைக்கு என்கிறார். உன் அலமாரியில் துணிகளைப் பூச்சி அரிக்காமல் எடுத்து உதறி வைத்தேன். நீ வேலையை விடக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன், அதைச் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. எழுதத்தான் வேண்டுமென்றால் எழுது, ஆனால் கேட்டு வாங்கி எழுது, பத்து இடத்துக்கு அனுப்பு, ஒன்பது பேர் முகத்தில் அடித்தாற்போல இல்லை என்று சொல்லட்டும், அதில் ஒரு கேவலமும் இல்லை. கேட்காமலே வேலை வருகிறது என்றால் நீ எந்த வாசலில், எதற்காகக் காத்து நிற்கிறாய் என்று ஒருதரம் குனிந்து பார்த்துக்கொள். என்னிடம் மட்டும் வித்தை கேட்காதே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் இவ்வளவு எழுதினதும் நாடகமாகிவிடும். போன மாதம் காய்ச்சல் என்று சொன்னாய், அப்புறம் இரண்டு நாள் ஃபோனை எடுக்கவில்லை, சார்ஜர் கெட்டுப்போனது என்று பின்னால்தான் சொன்னாய். அந்த இரண்டாம் நாள் மத்தியானம் அப்பா உன் வீட்டுச் சொந்தக்காரம்மா நம்பரைத் தேடி நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார், நான் சமையலறையில் கழுவின பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன், அந்தப் பயம் சத்தியம். அப்போது உனக்கான முதல் வரி வந்துவிட்டது. நான் தேடவில்லை, தானாகவே வந்தது. குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டேன், சத்தத்தில் போய்விடும் என்று, போகவில்லை. எழுதி வைக்கவில்லை, எந்தக் காலத்திலும் எழுதமாட்டேன். ஆனால் அது நல்ல வரி, பெண்ணே. அதனால்தான் எனக்கு என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நூறு வயசுக்கு ஒரு நாள் குறையாமல், நோய்நொடி அண்டாமல், நீ நன்றாக இருக்கவேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. புதுச் சார்ஜர் இரண்டாக வாங்கி வைத்துக்கொள். தினமும் ஃபோனை எடு, பேச நேரமில்லை என்றால் எடுத்து ஒரு உம் சொல்லிவிட்டு வைத்துவிடு, அது போதும், ஒரு நாள்கூட என்னைச் சும்மா யோசிக்க விட்டுவைக்காதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்