பச்சை கவுன்தான் போடுவேன்

அம்மா,

கூஸ்கூஸுக்குக் கொண்டைக்கடலை ஊற வச்சிருக்கேன். ஹஃப்ஸியா பழந்துணிச் சந்தையில இன்னைக்குப் புது மூட்டை பிரிக்கிறாங்க, அதான் முதல் ஆளா நிக்கக் கிளம்பிட்டேன். சாயங்காலம் பொண்ணு பார்க்க வர்றவங்களுக்கு முன்னாடி வந்துடுவேன்.

ஆனா நீ எடுத்து வச்ச ரோஸ் கவுனைப் போட மாட்டேன். அதே சந்தையில வாங்கி நானே இடுப்பைப் பிடிச்சுத் தைச்ச அந்த அறுபது வருஷப் பழைய பச்சை கவுன்தான். "செத்தவ துணி"ன்னு நேத்து என்கிட்ட கத்தினியே, அவங்க முன்னாடியும் கத்திக்கோ. உடுப்பு வடிவமைக்கிறதுதான் என் தொழில்னு நானும் சொல்லத்தான் போறேன்.

தையல் மிஷினைப் பரண்ல ஏத்தாதே.

ஹாஜர்

பி.கு: பெருநாளைக்கு நான் தந்த நீல கவுனைப் பாரிஸ் சரக்குன்னு தெரு பூரா காட்டினியே, அதுவும் மூட்டையில வந்ததுதான். கழுத்தும் கையும் நான் வெட்டினது. சாயங்காலம் அதையே போட்டுக்கோ. உனக்கு அவ்வளவு அழகா இருக்கு.