அம்மன்ரை பேராம்

இஞ்சாருங்கோ, உங்கள் முழங்கால் நோ எப்படி? கொழும்பில் என் கடை வேலைக்குக் குறையில்லை. நேற்றுச் சட்டத்தரணி தியாகலிங்கத்தின் அறையில் அவரும் நானும் தங்கை பத்மாசினியும் அவள் மகன் கஜீபனும் இருந்தோம்.

நான் இடித்து என் சொந்தப் பெயரிலேயே விற்கும் ‘பராசக்தி கறித்தூள்’ என்ற பெயரைக் கஜீபன் வியாபாரக்குறியாகத் தன் பேரில் பதிந்துவிட்டான். இனி என் பெயரை என் பைக்கற்றில் நானே போடக்கூடாதாம். சீ, அருவருப்பாக இருக்கிறது.

முதலில் விற்றது நான் என்று நிரூபித்தால் பதிவை நீக்கலாமாம். அச்சுவேலிச் சந்தையில் முதல் நாளே என்னோடு நின்று விற்ற பத்மாசினியிடம், அது என் பெயர்தானே என்று சட்டத்தரணி கேட்டார். “அது அக்காவின்ரை பேரில்லை ஐயா, அம்மன்ரை பேரெல்லோ” என்றாள்.

ஊரில் எங்கள் வீட்டு அலுமாரியில் கிடக்கும் பழைய பைக்கற் உறைகளை உடனே அனுப்புங்கோ, இனி அதுதான் சாட்சி. வீட்டுக்கென்று நான் இடித்து வைத்த தூளிலும் கொஞ்சம் வையுங்கோ, நீங்கள் இல்லாமல் இங்கே தனியச் சாப்பிட ஒன்றும் இறங்குதில்லை. கஜீபன் பேராசைக்காரன், அவனை விடுங்கோ. நான் சாகும்வரை மன்னிக்காத ஆள் பத்மாசினி.