தேய்த்துக் கழுவிய பாறைகள்

செவ்வாய்க்கிழமை, படுக்கும் முன்.

பெரம்பலூரில் ஒருவரிடம் பழைய கடல்மீன் தொட்டி வாங்கினேன். கூடவே பாறைகளும் தந்தார். "இதுல இருக்குற நுண்ணுயிருங்கதான் தண்ணிய சுத்தமா வெச்சிருக்கும். காயவிட்றாதீங்க" என்றார். ஈரச் சாக்கில் சுற்றி அரியலூர் கொண்டுவந்தேன். உப்புத் தண்ணீர் கலக்கி, பாறைகளை அதில் போட்டு, நுண்ணுயிர்கள் பெருகட்டும் என்று மூன்று வாரம் காத்திருந்தேன். நாளைதான் மீன் விடுவதாக இருந்தது.

மாலை வேலை முடிந்து வந்தால் தொட்டியில் பாறைகளைக் காணோம்.

"ஒரே பாசி நாத்தம். சோப்புப் போட்டுத் தேச்சு மாடியில காய வெச்சிருக்கேங்க" என்றாள் மனைவி, பெருமையாக.

"அய்யோ, அது உசுருள்ள கல்லுடி! மூணு வாரமும் போச்சு!" என்று கத்திவிட்டேன்.

"கல்லுக்கு உசுரு இருக்குன்னு எங்கிட்ட சொன்னீங்களா?"

சொல்லவில்லைதான். பாறைக்குள் புழு பூச்சியும் உண்டு என்று தெரிந்திருந்தால், தொட்டியை அவள் வாசற்படி தாண்டவே விட்டிருக்க மாட்டாளே!