எல்லோரும் ஒரே நாளில் தண்ணீர் விட்ட தோட்டம்

அனுப்புநர்
டோ. ஆசீர்,
மாடிப் போர்ஷன், எண் 14, மூன்றாம் குறுக்குத் தெரு,
கொன்றை நகர், ஸ்ரீரங்கம்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்
உயர்திரு உதவி ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி மண்டல அலுவலகம்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: கொன்றை நகர் பூங்கா இடத்தில் உள்ள சமூகத் தோட்டத்தை மூடி, பேவர் பிளாக் பதித்து, கார் நிறுத்தும் இடமாக்க குடியிருப்போர் நலச்சங்கம் செய்துள்ள ஏற்பாட்டைத் தடுத்து நிறுத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

இல்லை, நான் சங்க உறுப்பினர் இல்லை. மனு வாங்கும் மேசையில் இருந்த அம்மா சற்று முன் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். "சங்கத்துல நீ யாருப்பா? மெம்பரா, கமிட்டியா?" என்று கேட்டார். யாரும் இல்லை. நான் முதலில் நீட்டிய தாளில் "தோட்டத்தை மூட விடாதீர்கள்" என்று ஒரே வரிதான் இருந்தது. "இது என்ன மனுவா, வாட்ஸ்அப் மெசேஜா? நம்பர் போட்டு விவரமா எழுதிட்டு வா" என்று திருப்பிக் கொடுத்தார். எனவே தங்கள் அலுவலக வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து நம்பர் போட்டு எழுதுகிறேன்.

1. நான் உறுப்பினராக முடியாது. சங்கத்தில் சேரச் சொந்த வீடு வேண்டும். நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். அப்பா கல்லூரி பஸ் ஓட்டுகிறார். நான் இன்ஜினியரிங் இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்டேன். சங்கத் தலைவர் திரு. நவநீதன் அவர்கள் என்னைப் பற்றித் தங்களிடம் ஏதாவது சொன்னால் "படிப்பை விட்ட பையன், வேலவெட்டி கிடையாது" என்றுதான் தொடங்குவார். அது உண்மைதான் என்பதால் அவருடைய நேரத்தை மிச்சப்படுத்த நானே எழுதிவிடுகிறேன். என்னால் ஓரிடத்தில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. தோட்டத்தில் உட்கார வேண்டியதில்லை. அங்கே நான் போனதற்கு வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

2. பூங்காவுக்கென்று ஒதுக்கிய அந்த இடம் பல வருடமாக இடித்த வீட்டுச் செங்கலும் சிமெண்ட் கட்டியும் கொட்டும் குப்பைமேடாக இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் சங்கம் அதைத் தங்கள் அலுவலகத்தில் தோட்டம் போடக் கேட்டு வாங்கியது. குடியிருப்பவர்களே முறை வைத்துப் பராமரிக்க வேண்டும், கட்டுமானம் எதுவும் கூடாது என்பது அனுமதியின் நிபந்தனை. திறப்பு விழாவுக்கு முப்பது வீட்டுக்கு மேல் வந்தார்கள். எல்லோருக்கும் "தன்னார்வலர்" என்று அச்சடித்த பச்சை டீசர்ட் கொடுத்தார்கள். குழி தோண்டியது நானும், எங்கள் வீட்டுக்குக் கீழ்ப் போர்ஷனில் இருக்கும் திருமதி நஜீமா அவர்களும். நஜீமா அக்கா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவர். அவரும் வாடகைக்குத்தான் இருக்கிறார்.

எங்களுக்கும் டீசர்ட் கேட்டோம். வாட்ஸ்அப் குரூப்பை நடத்தும் பேராசிரியை திருமதி தேவதர்ஷினி அவர்கள், "தம்பி, லிஸ்ட்ல நீங்க இல்ல. ஆனா ஸ்பிரிட்ல எங்களோடதான் இருக்கீங்க" என்றார். நஜீமா அக்கா, "அப்ப டீசர்ட்டையும் ஸ்பிரிட்லயே போட்டுக்கட்டும், விடுங்க மேடம்" என்றார். மேடம் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

3. முறை எப்படி நடந்தது என்பதைத் தாங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு வீடு தண்ணீர் விட வேண்டும். விட்டதற்கு அடையாளமாக, கையில் குழாயோடு ஒரு படம் எடுத்து குரூப்பில் போட வேண்டும். குரூப்பில் மட்டும் எங்கள் இருவரையும் சேர்த்திருந்தார்கள். முதல் மாதம் தண்ணீர் விட்டுப் படம் போட்டார்கள். இரண்டாம் மாதம் படம் எடுக்கிற நேரத்துக்கு மட்டும் தண்ணீர் விட்டார்கள். மூன்றாம் மாதம் பழைய படத்தையே மறுபடி போடலாம் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு கொன்றை நகரில் யார் காலிலும் சேறு ஒட்டவில்லை.

திரு. நவநீதன் அவர்கள் இந்தச் சித்திரையில் போட்ட படத்தில், அவருக்குப் பின்னால் கேட் ஓரமாகப் பூசணிப்பூ வைத்த மார்கழிக் கோலம் தெரிந்தது. அதற்குக் கீழே இருபது பேர் கை கூப்பியிருந்தார்கள். "சூப்பர் சார், வெயிலையும் பாக்காம" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவரும் அதற்கு முந்தின நாள் பழைய படம் போட்டவர்தான். மற்றவர் படம் பொய் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் தன் படத்தையும் கேட்பார்கள். பொறுப்பைப் பகிர்ந்துகொள்வது என்றால் இதுதான் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

செடிகள் படம் பார்த்து வளராது என்பதால் தினம் தண்ணீர் விட்டது நாங்கள் இரண்டு பேர். ஒருமுறை தலைவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். "அதான் நீங்க ரெண்டு பேரு இருக்கீங்கல்ல தம்பி, அப்பறம் என்ன?" என்றார். அன்றே கேட் சாவியையும் என்னிடம் கொடுத்துவிட்டார். அதைக் கௌரவம் என்று நினைத்து நான் வீட்டில் வேறு சொல்லிக்கொண்டேன்.

4. சென்ற மாதம் தங்கள் அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. முந்தின நாள் காலையில் தலைவர் குரூப்பில், "நாளை ஆய்வு. ஒவ்வொருவரும் தம் பொறுப்பை உணர்ந்து செயல்படவும்" என்று எழுதினார். உணர்ந்துவிட்டார்கள். அதுதான் வினை.

அன்று என் அத்தை மகளுக்குத் திருமணம், குடும்பத்தோடு மணப்பாறையில் இருந்தேன். சாவியை நஜீமா அக்காவிடம் கொடுத்திருந்தேன். அவர் கேட்டைத் திறந்து காலையில் அளவாகத் தண்ணீர் விட்டுவிட்டு, கல்யாண ஆர்டர் தைக்க உட்கார்ந்துவிட்டார். கேட்டைப் பூட்டவில்லை, முறைக்காரர்கள் வருவார்களே என்று.

வந்தது முறைக்காரர் மட்டும் இல்லை. எல்லோரும் வந்தார்கள், ஒருவர் பின் ஒருவராக. முதலில் வந்தவர் தண்ணீர் விட்டுப் படம் போட்டார். அந்தப் படத்தைப் பார்த்த அடுத்தவர், இது வழக்கமான பழைய படம் என்று முடிவு கட்டி, தானாவது விடுவோம் என்று கிளம்பினார். அவர் போட்ட படத்தை அதற்கடுத்தவர் நம்பவில்லை. மண் ஈரமாக இருப்பதைப் பார்த்தால் தெரியாதா என்று தாங்கள் கேட்கலாம். மண் எப்போதும் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்தால்தானே இப்போது ஈரமா என்று தெரியும். இருட்டும் வரை இப்படியே நடந்தது. ஒரு வீட்டுக்காரர், தன் கார் கழுவும் பிரஷர் பம்பையே கொண்டுவந்து தக்காளிக்குப் பீய்ச்சியிருக்கிறார். இரண்டு வருடத்தில் குரூப்பில் உண்மையான படங்கள் நிறைந்த நாள் அது ஒன்றுதான். அவற்றை ஒருத்தரும் நம்பவில்லை.

கீழே செங்கல் இடிபாடு இருப்பதால் அந்த இடத்தில் தண்ணீர் சீக்கிரம் இறங்காது. மறுநாள் ஆய்வாளர் வந்தபோது தக்காளிப் பாத்தி குளமாக நின்றது. நாற்றுகள் வேரோடு மிதந்தன. கத்தரிச் செடிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. ஆய்வாளரின் ஒரு கால் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. பராமரிப்பு சரியில்லை என்று அவர் எழுதினார். கண்ணில் பட்டதை எழுதினார், அவர்மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

5. அந்த ஞாயிற்றுக்கிழமை தலைவர் வீட்டுக் கார் ஷெட்டில் கூட்டம் போட்டார்கள். உறுப்பினர் இல்லாததால் நானும் நஜீமா அக்காவும் கேட்டுக்கு வெளியே நின்று கேட்டோம்.

"தண்ணிய யாரு தொறந்து விட்டது?" என்றார் தலைவர்.

பதிலுக்குச் சிலர் போனை எடுத்து, ஆய்வுக்கு முந்தின நாள் போட்ட படங்களை அங்கேயே அழித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருடமாகத் தண்ணீர் விடாமலே விட்டேன் என்றவர்கள், அன்று விட்ட தண்ணீரை விடவே இல்லை என்றார்கள்.

"சாவி யார்ட்ட இருந்துச்சு?"

"அந்த மாடிவீட்டுப் பையன்ட்ட சார்."

"பாத்தீங்களா. வெளியாள்ட்ட சாவியக் குடுத்தா இப்படித்தான்."

சாவியைக் கொடுத்தது அவர்தான். நஜீமா அக்கா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சார், அவன் அன்னிக்கு ஊர்லயே இல்ல. சாவி என்ட்டதான் இருந்துச்சு. நான் விட்டது ஒரு தடவ. மீதிய விட்டவங்க எல்லாம் உள்ளதான் உக்காந்திருக்காங்க" என்றார். பேராசிரியை மேடம், "நஜீமா, இது மெம்பர்ஸ் மீட்டிங். ப்ளீஸ்" என்றார்.

"மெம்பர்ஸ் மீட்டிங்னா மெம்பர்ஸ் உண்மைய சொல்லட்டும் மேடம், நான் பேசாம நிக்கிறேன்."

அதற்குப் பதிலாக அவர்கள் நிறைவேற்றிய தீர்மானம் இது: "தன்னார்வலர்கள் பற்றாக்குறையாலும், அனுபவமற்ற வெளியாட்களின் தலையீட்டாலும் தோட்டம் தோல்வியடைந்துவிட்டதால், இடத்தைச் சமன்செய்து பேவர் பிளாக் பதித்துப் பொதுப் பயன்பாட்டுக்கு விடுவது." பொதுப் பயன்பாடு என்று எழுதியிருப்பது கார். தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று நிற்கிறது, தலைவர் வீட்டில் இரண்டு. இந்தத் தீர்மானத்துக்குப் பழைய படம் தேவைப்படவில்லை, எல்லோரும் நேரிலேயே கை தூக்கினார்கள்.

6. தோட்டம் தோல்வியடையவில்லை என்பதைத் தங்களிடம் தெரிவிக்கவே இந்த மனு. தக்காளி போய்விட்டது, ஒப்புக்கொள்கிறேன். நானும் நஜீமா அக்காவும் ஓரமாக வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தோம். சாய்ந்த கத்தரிக்கு மண் அணைத்துக் குச்சி கட்டினோம். மூன்றில் இரண்டு பங்கு எழுந்துவிட்டது. வெண்டை பூ விட்டிருக்கிறது. புதினாவுக்கு ஒன்றுமே ஆகவில்லை, அதை யாராலும் அழிக்க முடியாது போலிருக்கிறது. இப்போது வாடகை வீட்டுக்காரர்கள் பத்துப் பதினோரு பேர் வருகிறார்கள். நாங்கள் படம் போடுவதில்லை. தண்ணீர் விட்டவர் அடுத்த முறைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டிச் சாவியைக் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர் தூங்க முடியாது, நஜீமா அக்கா வந்து தட்டுவார்.

எங்கள் ஆட்களும் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. களை பிடுங்கக் கூப்பிட்டால் இடுப்பு வலி என்பார்கள். வெண்டைக்காய் முற்றும் முன் பறிப்பதற்கு மட்டும் எவருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. இருந்தாலும் வருகிறார்கள். வராதவர்கள் வரவில்லை என்று வாயால் சொல்கிறார்கள். கொன்றை நகருக்கு அதுவே பெரிய முன்னேற்றம்.

இதில் எனக்கு என்ன போகிறது என்று தலைவர் கேட்டார். "ஒனக்கென்ன தம்பி, நாளைக்கே ஒங்க வீட்டுக்காரரு காலி பண்ணச் சொன்னா போயிடப் போறீங்க. தோட்டத்தத் தூக்கிட்டா போவ?" என்றார். சரியான கேள்வி. தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனால் நான் தொடங்கியதில் நான் பாதியில் விடாமல் இருப்பது இது ஒன்றுதான். அதை வேறு யாரோ பாதியில் நிறுத்துவதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. இதை மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

7. வரும் புதன்கிழமை பேவர் பிளாக் இறக்கப்போவதாகச் சங்கம் அறிவித்திருக்கிறது. எனவே தங்களிடம் கேட்டுக்கொள்வது:

(அ) கட்டுமானம் கூடாது என்ற தங்கள் நிபந்தனையை மீறிச் செய்யும் இந்த வேலையைப் புதன்கிழமைக்கு முன் எழுத்து மூலம் நிறுத்த வேண்டும்.

(ஆ) தாங்களோ, தாங்கள் அனுப்பும் ஒருவரோ, தோட்டத்தை மறுபடி பார்வையிட வேண்டும். தயவுசெய்து முன்கூட்டிச் சொல்லாமல் வாருங்கள். சொன்னால் மறுபடி எல்லோரும் தண்ணீர் விடுவார்கள்.

(இ) குடியிருப்பவர்கள் என்றால் வாடகைக்குக் குடியிருப்பவர்களும்தான் என்று சங்கத்துக்குத் தெளிவுபடுத்தி, முறையில் எங்களையும் சேர்த்து, சாவி

அய்யா, இதோடு நிறுத்துகிறேன். நஜீமா அக்கா போன் செய்தார். புதன்கிழமை வருவதாகச் சொன்ன லாரி இப்போதே தோட்டத்து வாசலில் நிற்கிறதாம். நான் இங்கே வந்திருப்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். "கத்தரிப் பாத்தி மேலயே கல்ல எறக்கப் பாக்குறாங்கடா. நான் குறுக்க நிக்கிறேன். எவ்ளோ நேரம் நிப்பேன்னு தெரியல, நீ வா" என்றார். பின்னால் தலைவர் குரல் கேட்டது. வேறு யார் நிற்கிறார்கள் என்று கேட்டேன், போன் கட்டாகிவிட்டது.

இதைத் திருத்தி எழுத நேரமில்லை, இப்படியே கொடுக்கிறேன். (ஆ)வில் கேட்டதைத் தாங்கள் இன்றே, இந்த மனு கைக்கு வந்ததும் செய்ய வேண்டும். நான் இப்போது போக வேண்டும்.

இடம்: திருச்சிராப்பள்ளி
நாள்: 16.06.2025

டோ. ஆசீர்