நெல்லின் மேல் செருப்பு

செவ்வாய், இரவு.

காலையில் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். என் பெண்டாட்டி கஸ்தூரிக்கு வைட்டமின் டி நன்றாக ஏறிவிட்டதாம். "தலை சார்?" என்றேன். "உதவலாம்னுதான் குடுத்தோம். தலைக்காயத்துக்கு உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாதுங்க" என்றார்.

வண்டியிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்ட நாள் முதல் அவள் பேசுவதில்லை. வாரம் ஒரு மாத்திரை, தினமும் வெயில். நெல் காயும் களத்திலேயே அவளையும் உட்கார வைக்கிறேன். பக்கத்து வீட்டு மல்லிகாவுக்கு அது போதும். "இன்னாண்ணா, நெல்லும் காயுது, அண்ணியும் காய்றாங்க, எப்ப மூட்ட கட்டுவ?" என்பாள். நானும் பல்லைக் காட்டுவேன். ஊருக்கே கோமாளி நான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் யார் நம்புவார்கள்?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கோமாளித்தனமாகவே ஒன்று செய்தேன். செருப்போடு நெல்லின் மேல் நடந்தேன். புது மாப்பிள்ளையாக இருந்தபோது தெரியாமல் இப்படி மிதித்ததற்குக் கஸ்தூரி தெருவே கூடும்படி திட்டினாள். இன்றும் திட்டமாட்டாளா என்ற நப்பாசையில் அவள் எதிரிலேயே குறுக்கும் நெடுக்குமாகப் போய் வந்தேன்.

மல்லிகாதான் கத்தினாள்: "ஏண்ணா, சோறுதான துன்ற? செருப்பக் கயட்டு!"

கஸ்தூரி என் செருப்பைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, பஸ்ஸில் முன்பின் தெரியாத ஆளுக்கு வழிவிடுவதுபோல, மரியாதையாகக் காலை மடக்கிக்கொண்டாள்.